போகுமா டீச்சர்

சாக்பீஸை இரண்டாக உடைக்கிறார். பெரிய துண்டு கரும்பலகைக்கு வந்த பிள்ளைக்கு. விரலுக்குள் நிற்காத சின்னத் துண்டு அவருக்கு.

"ஒண்ணுல ஆறு போகுமா?"

பிள்ளை விழிக்கிறது.

"கையில ஒரே ஒரு பட்டன். ஆறு பேர் கையை நீட்டிட்டு நிக்கிறாங்க. ஆளுக்கு ஒண்ணு குடுக்கப் போகுமா?"

"போகாது டீச்சர்."

"போகலைன்னா அப்படியே விட்டுட்டு வந்துருவியா? பூஜ்யம் போட்டு எடத்தைப் பிடி."

மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை 'போகுமா' என்று கேட்பதால் 'போகுமா டீச்சர்' என்று யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பேருந்தில் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார். அவருடைய வகுப்புக்கும் என்னுடைய நான்காம் வகுப்புக்கும் நடுவே இருப்பது கூரையைத் தொடாத ஒரு பலகைத் தடுப்புதான். ஆறு வருடமாக அவருடைய வகுத்தல் என் வகுப்பிலும் நடக்கிறது.

கணவர் தையல்காரர். ஜோடி சேராத பட்டன்களெல்லாம் ஒரு துணிப்பையில் பள்ளிக்கு வந்துவிடும். பிள்ளைகள் அவற்றைப் பாட்டில் மூடிகளில் சமமாகப் போட வேண்டும். கடைசியில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். அதற்கு ஒரு சண்டை வரும். டீச்சர் உடனே விலக்கிவிட மாட்டார். "மிஞ்சினாத்தான் சார் கணக்கு மண்டையில ஏறும். எல்லாம் சரியாப் போயிட்டா யார் யோசிக்கிறா?" என்பார். தப்பு விடை வந்தால் தப்பு என்று சொல்வதில்லை. பிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி மெதுவாகக் குடிக்கிறார். மூடி காலியாவதற்குள் பிள்ளையே கண்டுபிடித்தாக வேண்டும். சில நாள் பதினொரு மணிக்கே பிளாஸ்க் காலி.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். வாயே திறக்க மாட்டாள் என்பதால் மற்ற பிள்ளைகள் அவளைப் 'பூட்டு' என்கிறார்கள். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். பட்டன் கொடுத்தால் பிசகாமல் பங்கு வைப்பாள். சாக்பீஸைக் கொடுத்தால் கை மரத்துப்போகும். பிளாஸ்க் பெரும்பாலும் அவளால்தான் காலியாகும்.

போன மாதம் கல்வி அதிகாரி பரீட்சை வைக்க வருவதாகத் தகவல் வந்தது. வகுப்புக்கு ஐந்து பிள்ளைகளை அவரே பொறுக்குவார். நான்கு பேராவது சரியாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் எங்கள் இரண்டு வகுப்புகளையும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பரீட்சைக்கு முதல் நாள் மாலை தலைமை ஆசிரியர் எங்களுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். டீச்சருடைய சீட்டில் நான்கு பெயர்கள். நான்காவது, பூட்டு.

"நாளைக்கு ஒரு நாள் இதுங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு வெச்சுக்குங்க. வீட்ல சொல்லிருங்க."

"போன வருஷமும் நாலு பேருக்குச் சொன்னோம் சார். மூணு பேர்தான் மறுநாள் வந்தாங்க. நாலாவது பிள்ளை இன்னிக்கு வரைக்கும் வரல. வீட்டுக்குப் போனேன். 'நீங்கதானே வேணாம்னீங்க'ன்னு அவங்க அப்பா கேட்டார். என்ன பதில் சொல்றது?"

"நான் என்ன ஆசைப்பட்டா சொல்றேன்? எட்டு வயசுப் பிள்ளைங்க அந்த ரோட்டைத் தாண்டிப் போகணும், தெரியுமில்ல? கொஞ்சம் ஈவு இரக்கம் காட்டுங்க டீச்சர்."

"ஈவு வந்துரும் சார். மீதியை எங்க கொண்டு போய் விடறது?"

அவர் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மூன்றாம் வகுப்பில் எல்லோரும் வந்திருந்தார்கள். என் வகுப்பில் இரண்டு பேர் வரவில்லை. நான்தான் சொல்லியிருந்தேன்.

என் வகுப்பு ஐந்துக்கு நான்கு எடுத்துத் தப்பித்தது. பிறகு அதிகாரி தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். தடுப்பின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். டீச்சர் பேசக்கூடாது என்று அவரைப் பின்சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். முதல் நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் சரி, ஒருவன் தப்பு. அதிகாரி பதிவேட்டில் விரலை ஓட்டி ஐந்தாவது எண்ணைச் சொன்னார். பூட்டு எழுந்து நின்றாள். வாசலில் நின்ற தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

அறுநூற்றுப் பதினெட்டை ஆறால் வகுக்க வேண்டும். மூன்று நிமிடம்.

பலகையில் ஒன்று எழுதினாள். அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்கினாள். அதோடு கை நின்றுவிட்டது. அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆனது. அவள் திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"உதட்டை அசைக்காதீங்க டீச்சர்," என்றார் அதிகாரி.

டீச்சர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எங்களுக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான்.

"போகாது," என்றது ஒரு குரல். அது பூட்டின் குரல் என்று எனக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. பூஜ்யம் போட்டாள். எட்டை இறக்கினாள். பதினெட்டு. எவ்வளவோ யோசித்து இரண்டு என்று எழுதினாள். ஈராறு பன்னிரண்டு, மீதி ஆறு. அதிகாரியின் கைக்கடிகாரம் ஒலித்தது.

"டைம் முடிஞ்சது. தப்பு. போய் உக்காரும்மா."

அவள் நகரவில்லை. கீழே எழுதிய ஆறையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு தடவை போகும்," என்றாள். உள்ளங்கையால் இரண்டை அழித்து மூன்று போட்டாள். நூற்று மூன்று. அதற்குள் அதிகாரி பேனாவை மூடியிருந்தார். சற்று நேரம் பலகையைப் பார்த்தார், மதிப்பெண்ணை மாற்றவில்லை. 'மூன்றாம் வகுப்புக்கு அடுத்த மாதம் மறுதேர்வு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை தலைமை ஆசிரியர் டீச்சரிடம் வந்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"பெத்தவங்க போன் நம்பர் எழுதின நோட்டு உங்ககிட்டதானே இருக்கு? குடுங்க. அடுத்த மாசம் நானே பேசிக்கிறேன். பழி என் மேலயே இருக்கட்டும்."

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து நீல அட்டை போட்ட நோட்டை எடுத்தார். அதை நாற்காலியின் மேல் வைத்தார். பிறகு அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கணக்கு நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தார்.