விழாத மலை

செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படங்களை வைத்து மலைகள் நகர்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. புனேயில், ஏசி அறையில், நாற்காலியை விட்டு நானே நகராமல். என் தொப்பை வளரும் வேகத்தை அந்தச் செயற்கைக்கோள் அளப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மேற்கு மலைச்சரிவின் மழைக்காலப் பச்சை ரேடாரைக் குழப்பிவிடும். அதனால் ரேடார் அலையைத் திருப்பி அனுப்ப, அங்கங்கே உலோகத்தகடுகளை அறையின் மூலை மாதிரி சேர்த்து நட்டு வைப்போம். படத்தில் அது பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி இறங்கினால் சரிவு இறங்குகிறது என்று பொருள். அப்படி ஒன்றை ஒரு தம்பதியின் நெல்வயல் ஓரத்தில் நட்டோம். அந்த அம்மாவை நான் வஹினி என்பேன், நம் அண்ணி மாதிரி. அவருக்கு நான் தம்பி, பாவு. என் மராத்தியைக் கேட்டால் அவர்கள் எருமைகூடத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

முதல் மழையிலேயே புள்ளியைக் காணோம். அலறியடித்துக்கொண்டு போனேன். வஹினி மாட்டுக்கொட்டகைத் தகரத்தைப் பிரித்து எங்கள் மூலையை மூடி வைத்திருந்தார்.

“எருமை நனைஞ்சாத் தாங்கும் பாவு. உன் சாமான் தாங்குமா?”

சிரித்துக்கொண்டே தகரத்தை எடுத்துக் கொட்டகைமேல் கோணலாகப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த படத்தில் புள்ளி திரும்பி வந்தது, ஒரு விரல் அகலம் கீழே இறங்கி. அதற்கடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம். எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வஹினியும் கணவரும் எருமையை விற்றுவிட்டு, புனேயிலேயே ஏரவாடாவில் ஒரு சந்துக்குள் இருந்த மகனுடைய ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர் கணவருக்கு அந்தச் சந்து ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் கால் நீட்டினால் யாராவது மிதிப்பார்கள். நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “மலை விழுந்துச்சா?”

விழவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு சரிவு மெல்ல அடங்கிப்போனது. நாளைக்கே விழலாம், இன்னும் நூறு வருஷம் நிற்கலாம். அதைச் சொல்ல எங்கள் படங்களுக்குத் தெரியாது.

போன கோடையில் அவர் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு போனேன். வஹினி டீ போட்டுக் கொடுத்தார்.

“விழுந்துச்சா பாவு?”

“இல்ல வஹினி.”

“அப்ப அவர் அங்கேயே இருந்திருக்கலாம்.”

சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரல். குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. நான் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தேன்.

இந்த வருஷம் மழை வலுத்தபோது வீட்டிலும் மடிக்கணினியும் கையுமாக இருந்தேன். மனைவி கோயம்புத்தூர்க்காரி. பின்னால் வந்து நின்றாள்.

“அந்த மலையத்தான பாக்கறீங்க? அங்கதான் இப்ப ஆருமே இல்லீங்களே.”

“விழுந்திருக்கான்னு பாக்கறேன்.”

“உழுகோணும்னு பாக்கறீங்களா, உழுகக்கூடாதுன்னுங்களா?”

புதுப் படம் திறந்தது. புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.