மஞ்சள் வைத்த காக்கி

பீளமேட்டில் எங்கள் மில்லின் துணி மடிக்கும் பகுதியில் ராமாத்தாள் வேலை பார்த்தாள். நான் அங்கே கடிதம் எழுதும் குமாஸ்தா. கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. புருஷன் ஆறுச்சாமி முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். ஆகவே அவள் மடித்தால்தான் அடுப்பு எரியும். அப்படியும் வாய் மட்டும் ஓயாது. என் மூக்குக்கண்ணாடிக்கு அவள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஐரோப்பாவில் சண்டை வரும் என்று பேச்சு அடிபட்ட 1938இல், பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து தரச் சொல்லி சர்க்காரில் எங்களைக் கேட்டார்கள். முதலில் ஒரு துண்டு மாதிரி அனுப்பவேண்டும். அது தேறினால் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். பிறகு போகும் துணி எல்லாம் அச்சு அசல் அதைப்போலவே இருக்கவேண்டும். எங்கள் மாதிரி தேறியது. மேனேஜர் சத்தியசீலன் சிடுமூஞ்சி. அவரே அன்று எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் துணி போனது. ஒருநாள் மடிக்கும் பகுதிக்குள் வந்த மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். ராமாத்தாள் ஒரு சிரட்டையில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் மூலையிலும் விரலால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன காரியம் இது? எத்தனை நாளா நடக்குது?”

“மொதத் துண்டுல இருந்தேதானுங்க. புதுத்துணிய மஞ்ச வெக்காம எப்படிங்க உடுத்தறது? யாரு பெத்த புள்ளையோ, நல்லபடியா ஊடு வந்து சேரோணுமல்லங்க.”

“கறைன்னு திருப்பி அனுப்பினா மில் கதி என்ன ஆகும்? நாளையிலேருந்து நீ வரவேண்டாம்.”

அவளுடைய வேலைநீக்க உத்தரவை நான்தான் எழுதினேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிவு வரவில்லை. அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது. கேட் வரை போனவள் திரும்பி, “ஊட்டுக்காரருக்கு மருந்து வாங்கோணுமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த சரக்கைப் பொட்டு கிட்டு எதுவும் இல்லாமல் பளிச்சென்று அனுப்பினோம். இருபதாம் நாள் மொத்தமும் திரும்பி வந்தது. கூட வந்த கடிதத்தை மேனேஜருக்கு நான் படித்துக் காட்டினேன்.

“துணியின் மூலையில் இருக்கவேண்டிய மஞ்சள் அடையாளம் காணப்படவில்லை. முத்திரையிட்ட மாதிரியோடு ஒத்துவராததால் சரக்கு நிராகரிக்கப்படுகிறது.”

மேனேஜர் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைத்துப் பார்த்தவர், கொஞ்ச நேரத்தில் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனம்மணி, ஊட்டுல மஞ்சள் இருக்குதா?” என்றார் மேனேஜர். கொங்குப் பேச்சு அவர் வாயில் பழகாத செருப்பாய்க் கடித்தது.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. “இருக்குதுங்க. வேலைதான் இல்லீங்க.”

“வேலையும் இருக்குது. வா.”

அன்று திரும்பி வந்த அத்தனை துண்டுகளுக்கும் அவள்தான் பொட்டு வைத்தாள். ஒவ்வொன்றையும் தொடும்போது கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். லாரி காத்திருந்தும் மேனேஜர் அவசரப்படுத்தவில்லை. பொட்டு ஒரே அளவில் விழுகிறதா என்று மட்டும் குனிந்து குனிந்து பார்த்தார்.

சாயங்காலம் கடைசித் துண்டு வந்தபோது, “இது நான் வைக்கிறேன்” என்றார். சிரட்டையில் விரலைத் தோய்த்தவர் வைக்காமல் அவளையே பார்த்தார்.

“வெக்கறப்போ என்ன சொல்லணும்?”

ராமாத்தாள் சொல்லிக் கொடுத்தாள். அவர் அதை அப்படியே சொல்லிப் பொட்டை வைத்தார்.