சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவர்

காரைக்குடியில் என் போட்டோ ஸ்டூடியோவின் படங்களைச் சேமித்துவைக்கும் சர்வரைப் பழுதுபார்க்க வந்தவர் மெலிந்த மனிதர். நெற்றி நிறையக் குன்றக்குடித் திருநீறு. முன்மேசைக் கணினியிலிருந்து, இறந்துபோன என் மனைவியின் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தால் போதும், உள்ளறையில் சர்வரே நின்றுவிடும்.

"நின்ன உடனே அணைச்சுப் போட்டீகளாக்கும்? சாகுறப்ப அது என்ன எழுதுதுன்னு படிக்கணும்ல," என்றார்.

ஃபோல்டரைத் திறந்து சர்வரை மறுபடி நின்றுபோகச் செய்து, திரையில் வந்த வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டார்.

"படத்துல கோளாறு இல்ல. சர்வரை ஓட்டுற கெர்னல் இருக்குல்ல, புதுசா ஏத்துனது, அதுலதான் பிழை."

பழைய கெர்னலுக்கு மாற்றினார். ஃபோல்டரைத் திறந்தார்; சர்வர் நிற்கவில்லை. உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்தவர் வீட்டுப் படங்களை அவர் பார்ப்பதில்லையாம்.

"எல்லாம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு அழுகைகூட வரவில்லை.

"படமெல்லாம் இருக்கு," என்றேன்.

நான் ஃபோல்டரை மூடிய பிறகும், அழுது முடிக்கட்டும் என்பதுபோல், அவர் திரும்பவில்லை.