சின்ன நட்சத்திரத்தின் நிறம்

எங்கள் சாயப்பட்டறையில் நிறத்துக்குக் கடைசிச் சொல் என்னுடையது. சாயத்தை நிறுப்பது, தண்ணீரைக் கொதிக்க வைப்பது, பட்டு நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டிக் கொப்பரையில் முக்கிப் புரட்டுவது எல்லாவற்றையும் என் மனைவியும் ஆட்களும் பார்த்துக்கொள்வார்கள். நெசவாளர் கொண்டுவந்த மாதிரித் துண்டையும் சாயம் ஏறிய நூலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "சரி" அல்லது "இன்னொரு முக்கு" என்று சொல்வது மட்டும் நான். அந்தச் சொல்லில்தான் எங்கள் வயிறு நிறைகிறது. ஆரணியில் சாயம் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. என்னிடம் வருகிறவர்கள் என் கண்ணை நம்பி வருகிறார்கள். பெருமை பீற்றுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

டெலஸ்கோப் என் யோசனை அல்ல. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் ஒருவனுடையது. அவன் சமணன், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவான். ஊரே ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் நேரத்தில் அவன் கை கழுவிவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பான். அந்த வெட்டி நேரம்தான் அவனை வானத்தில் கொண்டுபோய் விட்டது என்பது என் மனைவியின் கண்டுபிடிப்பு. அவன் ஸ்டுடியோவைச் சுற்றிலும் மாடி மேல் மாடி. எங்கள் பட்டறை மாடியோ நூல் காயப்போடும் மொட்டை மாடி, நாலு பக்கமும் திறப்பு. டெலஸ்கோப் அங்கே குடியேறியது. முதலில் அவனுக்காகப் பார்த்தேன். சனிக்கோளின் வளையத்தைப் பார்த்த பிறகு எனக்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தப் புரட்டாசியில் ஒரு நாள், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், உச்சி வானத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக் காட்டினான். அன்னப்பறவை என்று அவன் சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தில் அதுதான் அலகு நுனியாம். வெறும் கண்ணுக்கு ஒற்றை நட்சத்திரம். டெலஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு, ஒன்று பெரிது, ஒட்டினாற்போல் ஒன்று சிறிது.

"பெருசு இன்னா கலரு, சொல்லு" என்றான்.

"ஜரிகை மஞ்சள்."

"கரெக்ட். சின்னது?"

"சாம்பல்."

"யோவ், நல்லா பாரு. நீலம்யா. சுத்தமான ஆனந்தா நீலம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டுப் புடவையின் ஆனந்தா நீலம் எது என்று எனக்கு ஒரு ஸ்டுடியோக்காரன் சொல்லித் தருவதா? கல்யாணப் பெண்ணின் அரக்குப் புடவையைக் கம்ப்யூட்டரில் ரோஸாக்கித் தருகிற ஆள் இவன். மறுபடி பார்த்தேன். சாம்பலேதான். அடுப்பில் அணைந்த கரி மேல் பூத்திருக்குமே, அந்தச் சாம்பல்.

எங்கள் தொழிலில் நிறம் தப்பினால் முதலில் தண்ணீரைத் திட்டுவோம். மழைக்கு முன் போர் தண்ணீர் ஒரு மாதிரி இருக்கும், மழைக்குப் பின் வேறு மாதிரி. உப்பு ஏறிவிட்டால் நீலம் செத்துப்போகும். தண்ணீரில் குற்றமில்லை என்றால் சாயத்தைத் திட்டுவோம், அப்புறம் நூலை. சாயக்காரன் தன் கண்ணைத் திட்டியதாகச் சரித்திரமே இல்லை. நானும் அதே வழியில் போனேன். வானத்துக்கு ஏது தண்ணீர்? காற்றில் இருக்கும் ஈரம்தான் தண்ணீர் என்று முடிவு செய்து, நன்றாகக் காய்ந்த ஒரு மாலைக்காகக் காத்திருந்தேன். சாம்பல். அரிசி ஆலைத் தவிட்டுத் தூசி என்றேன். ஆலை ஓடாத நாளில் பார்த்தேன். சாம்பல். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில் சாயப்புகை படிந்திருக்கிறது என்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தான். அதன் பிறகும் சாம்பல்.

இத்தனைக்கும் அதே லென்ஸில், அதே காற்றில், எனக்கு முன்னும் பின்னும் குனிந்து பார்த்த அவனுக்கு நீலம். நான் குனியும்போது மட்டும் காற்று மாறுகிறது என்று வாதாடினேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான வாதம் என்று தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"இரு, போன் சொல்லட்டும்" என்று அவன் போனை லென்ஸில் வைத்து ஒரு படம் எடுத்தான். இரண்டுமே வெள்ளையாக வந்தன. கேமரா பொய் சொல்லாது என்று வீட்டுக்கு வீடு சொல்லிப் பிழைக்கிற ஆள், படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஏமாத்துதுய்யா" என்றான். ஆக, ஒரே நட்சத்திரத்துக்கு மூன்று நிறம் ஆகிவிட்டது.

எங்கள் சத்தம் கேட்டு என் மனைவி கரண்டியோடு மேலே வந்தாள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்ததால் அவளுக்கு அவசரம். குனிந்தாள், பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"பெருசு மஞ்சள், சின்னது நீலம். இதுக்கா இத்தினி நாளா சண்ட போட்டுகினு கீறீங்க? பேஜாரு. ஜல்தி வாங்க, கல்லு தீயுது."

அவள் படி இறங்கிப் போன பிறகு நண்பன் டெலஸ்கோப்புக்கு மூடி போட ஆரம்பித்தான். ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டால் தோற்றவனுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நீலம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு நான் பட்டறையில் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஆனால் பட்டறையில் நீலம் நீலமாகத்தானே தெரிகிறது? மயில் கழுத்தும் ராமர் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்கிறேனே? கீழே உயிரோடு இருக்கும் நீலம் மாடிக்குப் போனால் எப்படிச் சாகிறது? நடுவில் இருப்பது வெறும் படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டில் எனக்கு என்ன ஆகிறது என்று புரியவே இல்லை.

பட்டறையில் நிறத்துக்குச் சண்டை வந்தால் தீர்க்க ஒரே வழி, காலை வெயிலுக்குக் கொண்டுபோவது. டியூப்லைட்டில் பேசிய எந்தப் பேச்சும் செல்லாது. நட்சத்திரத்தைக் காலை வெயிலில் பிடித்துக் காட்ட முடியாது. ஆனால் நாங்கள் மனதில் வைத்திருக்கும் நிறத்தைக் காட்டலாம் அல்லவா? மறுநாள் ஸ்டுடியோ திறக்கும் முன் வரச் சொன்னேன். சாம்பிள் சிட்டங்கள் தொங்கும் கொடியை வாசல் வெயிலில் கட்டி, ஒருவர் எடுப்பதை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கு ஒன்றை எடுப்பது என்று ஏற்பாடு. நண்பன் ஆனந்தா நீலத்தை எடுத்தான். மனைவி நேராகப் போய் அதே நீலத்தில் தொங்கிய இன்னொரு சிட்டத்தை எடுத்தாள். நான் சாம்பலை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"இது நீலம்னு உனக்குத் தெரியுதா?" என்று நண்பன் தன் கையிலிருந்ததை ஆட்டினான்.

"நல்லாத் தெரியுது. மேல கீறது இது இல்ல."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அந்தக் குழாயில எந்தக் கண்ணால பாப்பீங்க?"

"சோத்துக்கைப் பக்கம். எப்பவும்."

"அப்போ அந்தக் கண்ணு மட்டும் வெச்சி இதப் பாருங்களேன்."

சிரித்துக்கொண்டேதான் இடது கண்ணைப் பொத்தினேன். நண்பன் கையில் சாம்பல் தொங்கியது. கையை எடுத்தேன், நீலம். பொத்தினேன், சாம்பல். வாசலில் ஒரு டவுன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது, இரண்டு பேர் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள், நான் பொத்துவதும் திறப்பதுமாகவே நின்றேன். அப்புறம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி என் கையிலிருந்த சிட்டத்தை வாங்கிக் கொடியில் மாட்டினாள்.

வேலூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை என்றார். அது மஞ்சள் திரை மாதிரி நின்று நீலத்தைத் தின்றுவிடுமாம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். நட்சத்திரத்தில் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, மழை விட்ட ஒரு கார்த்திகை மாலையில் மாடி ஏறினேன். அன்னம் மேற்கே சாய்ந்துவிட்டிருந்தது. நண்பன் சாப்பிட்டுவிட்டு எனக்கு முன்பே வந்து டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்திருந்தான்.

குனிந்தேன். நீலம்! ஆனால் ஆனந்தா நீலம் இல்லை. எங்கள் கொடியில் அப்படி ஒரு நீலம் தொங்கியதே இல்லை. அதற்கு நான் பெயர் வைத்ததும் இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு, நல்ல கண்ணாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இடது கண்ணை வைத்தேன். அதே நட்சத்திரம், அழுக்குத் தண்ணீரில் அலசிய நீலம்.

"இப்போ இன்னா சொல்றே? ஆனந்தாதானே?" என்றான்.

"எந்தக் கண்ணுக்குக் கேக்கறே?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேன். புதிய லென்ஸ் பளிங்கு மாதிரி, இடது கண் வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். அவருக்கு ஒன்றுமில்லை. நல்ல கண் என்று நான் நம்பியிருந்த கண்ணே மஞ்சளித்த கண் என்றால், இத்தனை வருஷம் நான் "சரி" சொல்லி அனுப்பிய நீலமெல்லாம் எந்த நீலம்? அவற்றைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த பெண்கள் யார் கண்ணுக்கு எந்த நிறத்தில் தெரிந்தார்கள்? சரியான நீலம் என்று ஒன்று இருக்கிறதா, அல்லது ஆளுக்கு ஒன்றா? நண்பனிடம் கேட்கலாம் என்றால், அவன் கண் எப்படி என்றும் எனக்குத் தெரியாது.

போன வாரம் சேவூரிலிருந்து எங்களுக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர் வந்தார். கல்யாணப் புடவைத் தறிக்குப் பாவு நூல் வேண்டும், உடல் முழுக்க நீலம். அவர் கொடுத்த மாதிரித் துண்டுக்குச் சாயம் போட்டுக் காயவைத்த நூலை வெயிலுக்குக் கொண்டுவந்தேன். முன்பெல்லாம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். அன்று வலது கண்ணுக்கு இன்னொரு முக்கு தேவைப்பட்டது, இடது கண்ணுக்குப் போதும் என்றிருந்தது. இரண்டையும் திறந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருந்தது.

"இங்க வா, நீ சொல்லு" என்று மனைவியைக் கூப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, துண்டையும் நூலையும் சேர்த்துப் பிடித்தாள். "சரியாத்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மற்றதை மூடிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இருங்க, எனக்கும் தெரியலங்க" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து நெசவாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பாட்டுக்கு என் மனைவி கையிலிருந்த நூலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? சரியா கீதுங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"நான் இன்னாத்துக்குப் பாக்கறது?" என்றார். "இத்தினி வருஷமா உங்க கண்ண நம்பித்தானே நெய்ஞ்சிகினு கீறோம்."

எந்தக் கண்ணை என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.