கணீரென்று ஒலித்த துண்டு

அந்தப் பலகைத் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் இடியக்கா. அவள் வேலையே இடிப்பதுதான். ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய இரண்டு கம்பிகளுக்கு நடுவே உருண்டை மூக்கு வைத்த ஓர் இரும்புக் குண்டு தொங்கும். கீழே பலகைத் துண்டை வைத்துக் கொக்கியை இழுத்தால் போதும், விழுகிற சத்தத்தில் பக்கத்து அறையில் டீ குடிப்பவர்கள் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள்.

"யக்கா, சொல்லிட்டு இடிக்கக் கூடாதா?"

"இடி என்னைக்குடா சொல்லிட்டு விழுந்திருக்கு?" என்பாள். அதற்கு ஒரு சிரிப்பு கிளம்பும்.

பலகை என்றதும் மரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது கிரீம் பிஸ்கெட் மாதிரி ஒரு சமாச்சாரம். மேலும் கீழும் ரெசின் பசையில் ஊறி இறுகிய கண்ணாடி இழைத் துணி, நடுவே கெட்டியான ஃபோம். வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போகிற படகுகளுக்கு இதைத்தான் அடியில் வைப்பார்கள். கலங்கின தண்ணீருக்குள் கல் இருக்கும், முறிந்த மரம் இருக்கும், மூழ்கிய வேலி இருக்கும். எது இடித்தாலும் தாங்க வேண்டும். ஆனால் இந்தப் பலகை இருக்கிறதே, பெரிய அழுத்தக்காரி. அடி வாங்கினாலும் முகத்தில் காட்டமாட்டாள். மேல்துணி நிமிர்ந்துகொள்ளும், உள்ளே ஃபோம் நொறுங்கிக் கிடக்கும். அதனால்தான் இடித்த பிறகு இடியக்கா ஒரு காசை எடுத்துத் தட்டிப் பார்ப்பாள். நல்ல இடம் கணீரென்னும், உள்ளே ஒட்டு விட்டுப்போன இடம் மொத்தென்னும்.

படகுக்குப் போகிற அதே பலகையின் ஓரத்தில், சோதிக்கிறவரே தன் கையால் துண்டு வெட்டி எடுக்க வேண்டும் என்பது முறை. ஆனால் பலகை வார்க்கிற பிரிவுக்கு மேற்பார்வையாளன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அம்மா போன பிறகு இவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. இந்த வேலையைக்கூட முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

"அந்தத் தூசியில நீ எதுக்குக்கா வந்து நிக்கற? நானே வெட்டிக் கொண்டாந்து தர்றேன்" என்றான் ஒரு நாள். உருகிப்போனாள். யார்தான் உருகமாட்டார்கள், சொல்லுங்கள்! அன்றிலிருந்து அவன் கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி இடித்தாள்.

அன்று மதியம் முற்றத்தில் லாரிக்காக அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பக்கத்தில் எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவிப் பலகை மேல் விழுந்தது.

"ஒரு கீறல்கூட இல்ல பாருங்க, நல்ல சரக்கு" என்றார்.

பழக்கதோஷம், இடியக்கா காசால் தட்டினாள். மொத்தென்றது. கையை நகர்த்தித் தட்டினாள். அங்கேயும் மொத். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உள்ளே ஒட்டு விட்டுப்போயிருந்தது. கேவலம் ஒரு ஸ்பானருக்கே இந்தக் கதி! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரம்பத்தை எடுத்து ஓரத்தை அறுத்துப் பார்த்தாள். நாலு மடிப்பு இருக்க வேண்டிய துணி இரண்டே மடிப்பு. ஃபோம் நகம் பட்டதும் உதிர்ந்தது. அப்படியானால் தான் இத்தனை நாள் இடித்துப் பார்த்தது எதை? சோதனைக்கென்று தனியாக வார்த்த உசத்தியான துண்டுகளை.

சாயங்காலம் தம்பியைக் கிடங்குக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"மொதலாளி சொன்னாருக்கா, நான் என்ன பண்ண? எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கில்ல?"

"படகுல ஏறுறவனுக்கு இல்லியாடா?"

அவன் அழுதுவிட்டான். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு அந்த அடுக்குலேருந்தே வெட்டிட்டு வர்றேன். எல்லார் முன்னாடியும் உடையட்டும். அப்புறம் மொதலாளிகிட்ட நானே பேசறேன். என்னை நம்புக்கா."

நம்பினாள். வளர்த்த பாசம் அப்படி. அவன் கண்ணைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினாள்.

காலையில் துண்டோடு வந்து நின்றான். உடைந்துவிடு, உடைந்துவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே கொக்கியை இழுத்தாள். ஒரு பலகை உடைய வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. குண்டு விழுந்தது. காசை எடுத்துத் தட்டினாள். கணீர். சுற்றித் தட்டினாள். எல்லா இடமும் கணீர்.

"ஏன்டா?" என்றாள்.

"இங்க உடைஞ்சா நாம எல்லாரும் தெருவுலதான் நிக்கணும். பேசாம பாஸ்னு சொல்லுக்கா. நீயும் சும்மா இரு, நானும் சும்மா இருக்கேன். உன்னை எதுக்கு இந்த வேலைக்குக் கொண்டாந்தேன்னு நெனச்ச? நான் குடுத்தா நீ கேள்வி கேக்க மாட்டன்னுதான்."

அடப்பாவி! தம்பி தன் தகுதியைப் பார்த்துச் சொன்னான் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டாளே! அவனுக்குத் தேவைப்பட்டது அவளுடைய நம்பிக்கை மட்டும்தான். அதைத்தான் இத்தனை நாள் பலகையோடு சேர்த்து விற்றிருக்கிறான். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள்.

அங்கே படகு கட்டுகிறவர் லாரியோடு வந்து நின்றிருந்தார். அவர் கண்ணெதிரே மேல் பலகையில் ஒரு துண்டை அறுத்தாள். "என்னம்மா இது, என் பலகைய அறுக்கறீங்க?" என்று அவர் கூடவே ஓடிவந்தார். முதலாளி வந்தார். வேலையாட்கள் வந்தார்கள். உள்ளே போய்க் குண்டுக்கடியில் துண்டை வைத்தாள், கொக்கியை இழுத்தாள். குண்டு மேல்துணியைக் கிழித்து, ஃபோமைத் தூளாக்கி, கீழ்த்துணியையும் பொத்துக்கொண்டு தரையில் போய் மோதியது.

படகுக்காரர் முகம் வெளுத்தது. "இதே பலகைய வெச்சுக் கட்டின படகெல்லாம் ஓடிட்டிருக்குய்யா! யாரு இதுக்குப் பதில் சொல்றது?"

முதலாளி தம்பியைப் பார்த்தார்.

"டெஸ்டிங் மேடம்தான் பொறுப்பு சார்" என்றான் தம்பி. "துண்டு வெட்டறதுலேருந்து எல்லாமே அவங்க வேலைதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அக்கா என்பதைத் தவிர வேறெதுவும் கூப்பிட்டறியாதவன். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் படகுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க, என் பொறுப்புதான்" என்றாள் அவள். "மொதல்ல ஓடற படகையெல்லாம் கரைக்கு வரச் சொல்லுங்க."