வேரோனிக்காவின் கராஜில் வெள்ளைத் தண்ணீர்

“கொஞ்சம் தள்ளி நில்லும் பிள்ளை, கால் நனையப் போகுது,” என்றார் வேரோனிக்கா. கராஜ் மூலையிலிருந்த தொட்டிக்குள் குனிந்து, வீட்டில் பியர் காய்ச்சவென்று வாங்கி உடைத்த முளைகட்டிய பார்லியை இரண்டு கைகளாலும் அலசிக்கொண்டிருந்தார்.

“பியருக்கும் கழுவவேணுமோ அன்ரி?” என்று கேட்டாள், வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றில் குடியிருக்கும் நிலாணி.

“கழுவாமல் எதைச் சமைக்கிறது? எந்த லொறியிலை வந்ததோ, ஆரின்ரை கை பட்டதோ! அரிசிக்கு மூண்டு தண்ணியெண்டால் உதுக்கும் மூண்டு தண்ணி.”

“நீங்கள் பாத்துப் பழகின வீடியோவிலை கழுவினவையோ?”

“வெள்ளைக்காரர் அரிசியும் கழுவாயினம். அவையைப் பாத்தோ நான் சமைக்கிறது?”

நிலாணி குனிந்து கீழே பார்த்தாள். தண்ணீர் பால்போல வெளுத்து வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்த வெள்ளை என்ன அன்ரி?”

“மா.” வேரோனிக்காவின் கை நின்றது. “மா தானே பிள்ளை இனிப்பாய் மாறவேணும்.” வடிகாலை எட்டிப் பார்த்தார். “ஐயோ மாதாவே! இவ்வளவு மாசமும் நான் பியரை அஜக்ஸ் சாக்கடைக்கெல்லோ ஊத்தியிருக்கிறன்!”

சொல்லிவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

கிழமை நாட்களில் அவர் கனடாவின் அஜக்ஸ் நகரில் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் கடைசி இருக்கைவரை அடங்கிவிடும். சனிக்கிழமைகளில் தலையில் குளியல் தொப்பி, காலில் கணவரின் பனிச்சப்பாத்து. பானைமேல் சிலுவை அடையாளம் போட்டுத்தான் அடுப்பை மூட்டுவார். வெந்நீரும் பார்லியும் ஊறும், சூடு தங்கும் பிக்னிக் பெட்டியைக் கல்யாணத்துக்கு வந்த கம்பளியால் சுற்றி, மூடியில் காதை வைத்துக் கேட்பார். “உள்ளை வேலை நடக்குது.” வடித்ததில் அரைக் கிளாஸுக்கு மேல் தொடமாட்டார். “நான் ருசி பாக்கத்தான். குடிக்கிறதுக்கு உலகத்திலை ஆக்கள் இருக்கினம்.”

அந்த ஆட்களில் முதலாமவர் கணவர் யேசுரட்ணம். ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடித்துவிட்டு, “வேரோனி, உது பியரோ, கஞ்சித் தண்ணியோ?” என்பார். தானியத்திலிருந்து வரவேண்டிய இனிப்பில் பாதிதான் வருகிறது என்று வேரோனிக்காவுக்கும் தெரியும். சூட்டைக் கூட்டினார், தண்ணீரை மாற்றினார், பார்லியை இன்னும் பொடியாக உடைத்தார். பொடியாக உடைத்தபோது இன்னும் மோசமானது. பாவம், உடைத்த மாவையெல்லாம் அவரே கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலம் முடியப்போகிறது. “முதல் ஸ்னோவுக்கு முன்னம் என்ரை கார் உள்ளை வரவேணும். இந்த முறையும் தண்ணியெண்டால் பானையெல்லாம் வெளியிலை,” என்று யேசுரட்ணம் சொல்லிவிட்டார். வேரோனிக்கா அதற்குக் கைகொடுத்துச் சம்மதித்தும் இருந்தார். நிலாணி கேள்வி கேட்டது அந்தக் கடைசி முறையில்தான்.

கழுவிய முதல் சட்டிப் பார்லியைத் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்த மிச்சத்தை அப்படியே பெட்டிக்குள் கொட்டினார். கழுவாததைக் கொட்டும்போது முகம் சுளித்தார். ஊறிய பிறகு பெட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டு, மேலே வெந்நீரை அகப்பையால் மெல்ல மெல்லத் தெளித்தார். “அவசரப்பட்டால் இனிப்பு உள்ளுக்கை நிண்டிடும். கடைசிப் பிள்ளை இறங்காமல் நான் பஸ்ஸை எடுக்கிறேல்லை.”

பொன்னிறமாய் வடிந்ததில் ஒரு கரண்டி நிலாணிக்கு வந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த தேநீர்போல இருந்தது. சீனி ஒரு மணிகூட விழாததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். காலையில் சாக்கடைக்குப் போன அதே வெள்ளை, வெறும் வெந்நீரோடு கம்பளிக்குள் கிடந்து இப்படியாகிவிட்டது. கரண்டியைத் திரும்ப நீட்டினாள்.

ஆறவைத்த சாற்றுக்குள், இனிப்புக் கூடினால் உயர்ந்து மிதக்கும் கண்ணாடிக் குழலை விட்டதும் வேரோனிக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்கு ஏலாது. நீர் பாரும்.”

இதுவரை அதன் அளவு முப்பதைத் தாண்டியதில்லை. நிலாணி குனிந்து பார்த்தாள், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“ஐம்பத்திரண்டு,” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

வேரோனிக்கா குளியல் தொப்பியைக் கழற்றினார். யேசுரட்ணம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குசினிப் பக்கத்துக் கதவைக் காலால் தள்ளி, அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, இன்னொருக்கா வாசியும். கொஞ்சம் பலத்து.”