கேப்டன் வீட்டம்மாவின் சால்வை

தூத்துக்குடியில் உட்கார்ந்து கம்பளிச் சால்வை பின்னுகிறவனுக்குப் புத்தி சரியில்லை என்று தெரு நினைத்ததில் தப்பில்லை. மார்கழியிலும் விசிறிக்கொண்டே தூங்குகிற ஊர் அது.

புதுத் துறைமுகம் திறந்த புதிது. நான் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்திருந்தோம். பிறகு குன்னூரில் ஒரு தோட்டத்து பங்களாவில் கொஞ்ச காலம் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். அங்கே குளிரில் கை விறைத்து நான் பீங்கான்களை உடைப்பதைப் பார்த்த துரைசாணி, விரல் வளையட்டும் என்று பின்னல் ஊசியைக் கொடுத்துக் கற்றுத்தந்தார். ஒரு போர்வை கொடுத்திருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை.

உப்பு ஏற்ற வந்த கப்பல் ஒன்றின் பெரிய சமையல்காரர் பழக்கமானார். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர். அடுத்த தடவை வரும்போது சமையல்கட்டில் ஓர் எடுபிடி வேலை காலியாகும் என்றார். எனக்கு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கே என்பதெல்லாம் பிறகு.

"கேப்டன் சரின்னு சொல்லணும்லே. அவரு வீட்டம்மா சொன்னா அவரு தட்ட மாட்டாரு" என்றார்.

அந்த அம்மாள் வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்த ஒரு படத்தையும் வெள்ளைக் கம்பளி நூலையும் கொடுத்து, பின்னுவதற்கு ஆள் தேடச் சொல்லியிருந்தாராம். எனக்குப் பின்னத் தெரியும் என்றதும் இரண்டும் என் கைக்கு வந்தன.

குடைக்கம்பிகளைத் தேய்த்து ஊசியாக்கினேன். முக்கோணச் சால்வையை முனையில் சில கண்ணிகளோடு தொடங்கி, வரிக்கு வரி கூட்டிக்கொண்டே போகவேண்டும். படத்தில் வடக்கயிறு முறுக்கியதுபோல் பின்னல்கள் புடைத்து ஓடின. அதற்குச் சில கண்ணிகளை ஓர் ஈர்க்குச்சியில் தூக்கி நிறுத்தி, பக்கத்துக் கண்ணிகளை முதலில் பின்னிவிட்டு, நிறுத்தியதைப் பிறகு பின்னினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வடங்களுக்கு நடுவே மிளகைக் கொட்டியதுபோல் சொரசொரப்பு. வியர்வையில் நூல் கம்பியில் நகராது. அக்காவின் முகப்பவுடரைக் கையில் பூசிக்கொண்டு பின்னினேன். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அத்தான் மீன்பிடிக்கிறவர். பக்கத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டே ஒருநாள் கேட்டார்.

"மாப்ள, இதுல முடிச்சு எங்கன இருக்கு?"

"முடிச்சே கிடையாது அத்தான். எல்லாம் வளையந்தான்."

"அப்ப ஒரு நூலு அறுந்தா?"

"பிரிஞ்சிரும்."

"முழுசுமா?"

"கவனிக்காம விட்டா முழுசும்."

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏளா, ஒன் தம்பி குணத்துக்கு ஏத்த வேலையாத்தான் புடிச்சிருக்கான்."

கப்பல் திரும்பி வந்த அன்று சால்வை முடிந்திருந்தது. துறைமுகத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சாயங்காலம் சால்வையோடு வா, காலையில் கப்பல் கிளம்புகிறது என்றார் சமையல்காரர். வீட்டுக்கு வந்தால் கொல்லையில் புகை. பருத்தி வலையை உப்புத்தண்ணீர் தின்றுவிடாமல் இருக்க, ஆவாரம்பட்டை போட்ட அண்டாவில் வேகவைப்பார் அத்தான். அன்றைக்கு வலையோடு சால்வையும் வெந்துகொண்டிருந்தது.

"கப்பலுக்குப் போற சாமான்லா மாப்ள. உப்புக்காத்துல இத்துப்போயிரும். நல்லாக் கொதிக்க விட்டிருக்கேன். இனி ஒரு நூலு பிரியாது."

சத்தியமான வார்த்தை. கொதித்த கம்பளி சுருங்கி, நூலோடு நூல் ஒட்டி, தோள் நிறைய விரிய வேண்டியது ஒரு சும்மாட்டளவில் கருப்பட்டி நிறத்தில் வெளியே வந்தது. செருப்பு அடித்தோல் மாதிரித் தடிமன். வடங்கள் மட்டும் புடைத்தபடி இருந்தன. அத்தான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து நிம்மதியடைந்தார். நல்ல வலைக்குச் செய்கிற மரியாதையை என் சால்வைக்கும் செய்தவரை எப்படித் திட்டுவது?

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனேன். கப்பலின் சமையல்கட்டில் வைத்துச் சமையல்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னலே இது?"

"சால்வை, அண்ணாச்சி."

"யாருக்கு? கேப்டன் வீட்டுப் பூனைக்கா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் அதை மடித்துப் பிடித்து, கொதிக்கிற சோற்றுப்பானையை அடுப்பிலிருந்து இறக்கினார். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"சூடே தெரியலியே."

"அப்ப என் வேலை, அண்ணாச்சி?"

"நூலு கடல்ல விழுந்துட்டுன்னு கேப்டன்ட்ட சொல்லிக்கிடுதேன். நீ அவரு கண்ணுல பட்டுராத."

சால்வையை அடுப்புக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். காலையில் அது கப்பலோடு கல்கத்தாவுக்குப் போயிற்று. நான் ஆறுமுகநேரி உப்பளத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே வேலைக்குச் சேர யார் மனைவிக்கும் எதுவும் பின்னித் தர வேண்டியிருக்கவில்லை.